கிளச் அறையின் அடித்துவாரம்

மாஸி பெர்குசன் 1035 போன்ற பழைய டிராக்டரைக் கொண்டு கோபிசெட்டிபாளையத்து நெல்வயல்களில் சேற்றுழவு ஓட்டுகிறவர்கள், எஞ்சினும் கியர் பெட்டியும் சேருமிடத்தில் கிளச் அறையின் அடியிலுள்ள சிறு துவாரத்தையும், அதில் தளர்வாகத் தொங்கும் ஸ்பிளிட் பின்னையும் அவசியம் அறிந்திருக்க வேண்டும். வண்டி அதிர அதிர அந்தப் பின் ஆடி, சேற்றை உதிர்த்து, உள்ளே கசியும் எண்ணெய் வெளியேறும் வழியைத் திறந்து வைக்கிறது. ஒழுகுகிறதே என்று பதறிச் சிலர் அதில் மரக்குச்சியைச் செருகிவிடுகிறார்கள். அது பெரும் விபரீதம், ஏனெனில் வெளியேற மார்க்கமற்ற எண்ணெய் கிளச் பிளேட்டை நனைத்து, மேட்டில் பாரம் இழுக்கையில் எஞ்சின் இரைந்தும் வண்டி நகராத நிலையை உண்டாக்கிவிடும்.

இரவில் துவாரத்தின் நேர்கீழே ஓர் அட்டையை விரித்து வைத்து, காலையில் விழுந்திருக்கும் துளியைத் தொட்டு முகர்ந்து பாருங்கள்: கறுத்துக் கருகல் வாடையடித்தால் கிராங்க் தண்டின் பின் சீலும், தேன் நிறமாயிருந்தால் கியர் பெட்டியின் முன் சீலும் பழுதுபட்டிருக்கக் கூடும். பால்போல் வெளுத்திருந்தால் எண்ணெயில் நீர் கலந்துவிட்டது. நீர் புகும் வழியைக் கண்டு சரிசெய்து, எண்ணெயைத் தாமதமின்றி மாற்ற வேண்டும். தண்ணீர் பம்பிலும் இத்தகைய துவாரம் உண்டு. அங்கே நீர் சொட்டினால் பம்பின் சீல் தேய்ந்ததென்று கொள்ளலாம். எதற்கும் வண்டிக்கடியில் குனியுமுன் எஞ்சினை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் கொடுத்துவிடுங்கள்.