மனச்சிதைவு இருந்தால் வேலைக்குப் போகலாமா?

கேள்வி: மனச்சிதைவுக்கு மருந்து சாப்பிடும் என் தம்பி வேலைக்குப் போக ஆசைப்படுகிறான். முழுக்கக் குணமாகும்வரை காத்திருக்க வேண்டுமா?
- வாசகர், மதுரை

பதில்: வேண்டியதில்லை.

பல மாதப் பயிற்சிக்குப் பிறகே வேலை என்பது பழைய முறை. 1990-களில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஆய்வாளர்கள் ராபர்ட் டிரேக்கும் டெபோரா பெக்கரும் அதைத் தலைகீழாக்கினார்கள். விரும்புகிறவருக்கு முதலில் சம்பளமுள்ள வேலை. பயிற்சியும் துணையும் வேலையில் சேர்ந்த பின்.

லண்டன், சூரிக், சோஃபியா உள்ளிட்ட 6 ஐரோப்பிய நகரங்களில் 312 பேரிடம் இந்தப் புதிய முறை சோதிக்கப்பட்டது. 18 மாதங்களில் புதிய முறையில் 55 சதவீதம் பேர் வேலைக்குப் போனார்கள். பழைய முறையில் 28 சதவீதம்தான்.

புதிய முறையில் வேலை தேடித் தருபவர் மருத்துவக் குழுவிலேயே ஒருவராக இருப்பார். இரவு மாத்திரையால் காலையில் தலை தூக்க முடியாதவருக்கு 11 மணிக்குத் தொடங்கும் வேலையாகப் பார்ப்பார். வேலையில் சேர்ந்த பிறகும் கூடவே நிற்பார்.

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசு வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில் மனநோய் உள்ளவர்களுக்கும் பங்கு உண்டு. அதற்கு 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்ற சான்றிதழ் தேவை. சென்னையில் 1984-இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் போன்ற அமைப்புகள் மறுவாழ்வுக்கு உதவுகின்றன.

மருந்தை நிறுத்தாமல், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது வேலையைப் பற்றியும் தம்பியையே பேசச் சொல்லுங்கள்.