நியாய விலை: ஓர் ஊரின் உறுதிமொழி

“உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது” என்பது பழமொழி. ஏன் மிஞ்சுவதில்லை என்பதை நம் பழனி மலையிலேயே காணலாம்.

கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களாகிய பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி முதலிய இடங்களில், படிப்படியாக வெட்டிய நிலங்களில் பூண்டு விளைகிறது. மணமும் காரமும் மிக்க இம்மலைப்பூண்டுக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் குறியீடு பெயரைக் காக்குமே தவிர, விலையைக் காக்காது. பூண்டு மூட்டைகள் மலையிறங்கிப் பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தைக்குச் செல்கின்றன. வரத்து மிகுந்தால் விலை சரியும். விதைக்கும் உரத்திற்கும் கடன்பட்டவரால், “விலை ஏறட்டும், பிறகு விற்கிறேன்” என்று காத்திருக்க இயலாது.

இந்நிலையை மாற்ற எழுந்ததே நியாய வணிகம். விளைவித்தவருக்குக் குறைந்தபட்ச விலை, தேவையானால் முன்பணம், குழந்தைகளை வேலைக்கு அமர்த்தாமை, ஊர்ப் பொதுநலனுக்கெனத் தனித்தொகை ஆகியன இதன் முக்கிய விதிகள்.

இதனை ஓர் ஊரே ஏற்க முடியுமா? முடியும் என்று காட்டியது இங்கிலாந்தின் கார்ஸ்டாங் என்னும் சிற்றூர். 2000-ஆம் ஆண்டு அவ்வூர் மக்கள் பொதுக்கூட்டம் கூடி, தம் ஊரை உலகின் முதல் நியாய வணிக ஊராக அறிவித்தனர். கடைகள், பள்ளிகள், ஆலயங்கள் யாவும் அதில் பங்குகொண்டன. பின்னர் கானா நாட்டில் கோக்கோ விளையும் ஊர் ஒன்றுடனும் உறவு பூண்டனர். பல நாடுகளில் நூற்றுக்கணக்கான ஊர்கள் இவ்வழியைப் பின்பற்றின.

நம் நாட்டிற்கும் இச்சிந்தனை புதிதன்று. 1999-ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. உழவர் இடைத்தரகரின்றித் தாமே விற்றனர். மொத்த விலையைவிட அவருக்குக் கூடுதல், சில்லறை விலையைவிட நமக்குக் குறைவு. கொடைக்கானலிலும் கார்சாக் என்னும் சமூகநல அமைப்பு, எளியோர் செய்த கைவினைப் பொருள்களை விற்று, பணத்தின் பெரும்பகுதியைச் செய்தவரிடமே சேர்க்கக் கடை நடத்தியது.

மாணவியராகிய நாம் செய்யக்கூடியவை சில உண்டு. பொருள் வாங்குமுன், “இதை விளைவித்தவர் யார்? அவருக்கு எவ்வளவு கிடைக்கும்?” என்று கேட்போம். சாலையோரத்தில் பழம் விற்கும் பாட்டியிடம் பேரம் பேசி இரண்டு ரூபாய் குறைப்பதைத் திறமை என்று எண்ணாதிருப்போம். பள்ளி விழாக்களுக்கு வேண்டியவற்றை இயன்றவரை மலைவாழ் மக்களிடமே நேரில் வாங்குவோம்.

நியாய விலை தருவது தருமம் அன்று. பிறர் உழைப்புக்கு நாம் பட்ட கடனைத் தீர்ப்பதே ஆகும். பெற்றோரும் உடன் நின்றால் நம் ஊரும் இவ்வுறுதியை ஏற்கும்.