பம்ப் மோட்டாரின் கம்பி முனைகள்

கடலூர், சிதம்பரம் பகுதிகளில் பம்ப் மோட்டார் எரிந்துபோனால், குடியானவர்கள் மோட்டாரைச் செய்தவனையோ மின்சார அழுத்தக் குறைவையோ நிந்திப்பது வழக்கம். பல சமயங்களில் குற்றம் அவ்விரண்டிலும் இல்லை. கம்பி வந்து சேரும் முனையில் இருக்கிறது. நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் உண்டாக்கி வருகிறார்கள். அவ்வளவு பெரிய நிலையத்தின் சக்தியும் கடைசியில் ஓர் அங்குல நீளமுள்ள முனையின் வழியாகவே மோட்டாருக்குள் புக வேண்டும்.

5 குதிரைச் சக்தியுள்ள மும்முனை மோட்டார் முழுப் பாரத்துடன் ஓடுங்கால் ஒவ்வொரு கம்பியிலும் சுமார் 7 அல்லது 8 ஆம்பியர் செல்லும். திருகாணி தளர்ந்து ஒரு முனையில் அரை ஓம் தடை ஏற்பட்டதாக வைத்துக்கொள்வோம். 8ஐ 8ஆல் பெருக்கி அதில் பாதி கொண்டால் 32 வாட் ஆகிறது. ஈயம் பற்றவைக்கும் சிறு சூட்டுக்கோலுக்கு இவ்வளவு போதும். அந்த வெப்பம் முழுவதும் ஒரு சுண்டு விரல் நுனி அளவான இடத்தில் உண்டாகிறது. மோட்டாரை நேரே கிளப்பும் கணத்தில் மின்னோட்டம் ஏறக்குறைய ஆறு மடங்காகும். வெப்பமோ முப்பத்தாறு மடங்கு. சூட்டில் உலோகம் விரிந்து, ஆறியதும் சுருங்கி, முனை மேலும் தளரும். நாளடைவில் கம்பியின் உறை கருகி, மூன்றில் ஒரு கம்பி அறுந்துவிடும். அப்பொழுது மோட்டார் நின்றுவிட்டால் நல்லது. பாரத்தோடு ஓடிக்கொண்டிருந்தால், மீதி இரண்டு கம்பிகளே முழுச் சுமையையும் இழுத்துச் சுருள் எரியும். கதிர் வரும் தருணத்தில் இவ்வாறு நேர்ந்தால் சுருள் கட்டும் செலவோடு பயிரும் போய்விடும்.

கம்பி இழைகளை முறுக்கித் திருகாணியில் சுற்றி இறுக்குவது எங்கும் காணும் பழக்கம், அது தவறு. கம்பியின் கனத்திற்கு ஏற்ற லக் ஒன்றை மாட்டி, அதற்கென்றுள்ள கிரிம்பிங் குறட்டினால் அழுத்துவதே முறை. 4 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கு 4 சதுர மில்லிமீட்டர் லக் வேண்டும். லக் சிறியதென்று நாலைந்து இழைகளை வெட்டி எறிவது திருடனுக்குக் கதவைத் திறந்து வைப்பது போலாகும். சுத்தியலால் தட்டி நசுக்குவதும் உதவாது. அழுத்திய பின் கையால் பலமாக இழுத்துப் பார்க்க வேண்டும். இழைகளுக்கு ஈயம் பூசித் திருகாணியின் கீழ் வைப்பாரும் உளர். ஈயம் மெதுவானதாகையால் அழுத்தத்தில் நசுங்கிப் பிடி தளரும்.

கடலோரக் கிராமங்களில் உப்புக் காற்று இன்னொரு சத்துரு. செம்பில் களிம்பு ஏறுகிறது. அலுமினியத்திலோ காற்றுப் பட்ட மாத்திரத்தில், கண்ணுக்குப் புலப்படாததும் மின்சாரத்தை விடாததுமான ஒரு தோல் படர்கிறது. அலுமினியக் கம்பியையும் செம்பையும் நேரே பிணைத்தால், உப்பு ஈரம் பட்டு அலுமினியம் அரிந்துபோகும். இரண்டும் சேருமிடத்தில் இரு உலோக லக் அவசியம். அலுமினியத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, அதற்குரிய பசையையும் தடவ வேண்டும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயலில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. அத்தகைய புயலுக்குப் பின் மின்சாரம் வந்தவுடன் மோட்டாரைக் கிளப்பலாகாது; நனைந்த முனைப்பெட்டியைத் திறந்து உலர்த்திய பின்னரே கிளப்ப வேண்டும்.

ஆழ்குழாய்க் கிணற்றில் இறக்கும் மோட்டாரின் இணைப்பு நீருக்குள்ளேயே கிடப்பதால் அதற்குத் தனிக் கவனம் வேண்டும். மூன்று கம்பிகளின் இணைப்புகளும் அருகருகே அமையாதபடி, ஒன்றுக்கொன்று சில அங்குலம் தள்ளி வர வெட்டிச் செம்புக் குழலால் இணைக்க வேண்டும். அதன்மேல் ரப்பர் நாடாவைப் பாதிக்குப் பாதி மேற்படியுமாறு இழுத்துச் சுற்றி, பிளாஸ்டிக் நாடாவால் மூட வேண்டும். கிணற்றில் இறக்குமுன் இணைப்பை ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி மெக்கரால் சோதிக்கலாம்; 1 மெகோமுக்குக் குறைந்தால் பிரித்து மறுபடியும் சுற்ற வேண்டியதே.

மோட்டார் உடலிலிருந்து பூமிக்குச் செல்லும் கம்பியின் முனையைப் பெரும்பாலோர் பார்ப்பதேயில்லை. அது துருப்பிடித்து விட்டுப்போனாலும் மோட்டார் வழக்கம்போல் ஓடுமாகையால் குறை வெளியே தெரியாது. ஈரக் காலோடு மோட்டாரைத் தொடுபவனுக்கே தெரியவரும். குறுவைக்கு முன் ஒரு முறையும், ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஒரு முறையும், பியூஸைக் கழற்றி மின்சாரம் இல்லையென்று சோதித்தபின், லைசென்ஸ் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு எல்லா முனைகளையும் இறுக்கச் செய்வது அரை மணி நேர வேலை.