ஓட ஓட ‘செட்’ ஆகாது: இன்ஜின் மவுண்டிங் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

காரின் இன்ஜின் மவுண்டிங்கைக் கழற்றிவிட்டுக் கெட்டியான பாலியூரிதேன் புஷ் மாட்டிக்கொள்கிறார் ஒருவர். மறுநாளே சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறது, டாஷ்போர்டு கடகடக்கிறது, பின்சீட்டில் இருக்கும் அம்மா “என்னப்பா, வண்டி இப்படி உதறுது?” என்று கேட்கிறார். பட்டறைக்குத் திரும்பிப் போனால் அவருக்குக் கிடைக்கும் பதில் ஒன்றே ஒன்றுதான்: “புதுசுல அப்படித்தான் சார் இருக்கும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும், தானா செட் ஆயிடும்.”

விற்றவரும் இதைச் சொல்கிறார், மாட்டியவரும் சொல்கிறார், காசு கொடுத்து ஏமாந்தவரும் அடுத்தவருக்கு இதையே சொல்கிறார். அதிர்வை அளப்பது என் தொழில். என் காதில் அடிக்கடி விழும் பொய்களில் இதைவிட அதிகச் செலவு வைப்பது வேறில்லை. ஆயிரம் கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் கழற்றிய பழைய மவுண்டிங் குப்பைக்குப் போயிருக்கும், பொருளைத் திருப்பித் தரும் கெடுவும் தாண்டியிருக்கும். ஆகவே இதை முதலில் முடித்துவிடுவோம்.

மவுண்டிங்குக்கு இரண்டு வேலைகள். ஒன்று, இன்ஜினைப் பிடித்து வைப்பது. மற்றொன்று, இன்ஜினின் நடுக்கம் பாடிக்குப் போகாமல் தடுப்பது. முதல் வேலைக்குக் கெட்டி வேண்டும், இரண்டாவதற்கு இளக்கம் வேண்டும். இரண்டையும் ஒரே ரப்பர் துண்டில் அடைக்க வேண்டியிருப்பதால்தான் இது பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் பாகம்.

நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று ஐடிலிங்கில் ஓடும்போது, ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தடவை தீப்பற்றுகிறது. அதாவது நொடிக்குச் சுமார் 27 உந்தல், 27 ஹெர்ட்ஸ். மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் இன்ஜினுக்கும் தனக்கென்று ஓர் இயல்பான ஆட்ட வேகம் உண்டு. வெளியிலிருந்து வரும் உந்தல் அந்த இயல்பு வேகத்தைப் போல் 1.41 மடங்குக்கு மேல் இருந்தால் மட்டுமே மவுண்டிங் அதிர்வைத் தடுக்கும். அதற்குக் கீழே வந்தால் தடுப்பதில்லை, பெருக்குகிறது. ஊஞ்சலை அது போய்வரும் தாளத்திலேயே தள்ளினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

எண்களைப் போட்டுப் பாருங்கள். மவுண்டிங்கின் இயல்பு வேகம் 12 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். 27 ஹெர்ட்ஸ் உந்தலில் நாலில் ஒரு பங்குதான் பாடிக்குப் போகிறது. கெட்டித்தன்மையை இரண்டு மடங்காக்கினால் இயல்பு வேகம் 17 ஆகிறது, மூன்றில் இரண்டு பங்கு போகிறது. நான்கு மடங்காக்கினால் இயல்பு வேகம் 24. இப்போது ஐடிலிங் வேகத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது, கணக்குப்படி உந்தல் நான்கு மடங்காகப் பெருகிப் பாடிக்குள் இறங்குகிறது. ரப்பரின் உள் உராய்வு அதைக் கொஞ்சம் அடக்கும், ஆனால் நிலைமையை மாற்றாது.

மூன்று சிலிண்டர் கார்களின் கதை இன்னும் மோசம். அதே 800 சுற்றில் அவற்றின் உந்தல் 20 ஹெர்ட்ஸ்தான். அதே 12 ஹெர்ட்ஸ் மவுண்டிங்கை இரண்டு மடங்கு கெட்டியாக்கினாலே பெருக்கும் எல்லைக்குள் விழுந்துவிடுகிறது. க்விட், டியாகோ, வேகன்ஆர் 1.0 எல்லாம் மூன்று சிலிண்டர். 2024-இல் வந்த புதிய ஸ்விஃப்ட்டும் மூன்று சிலிண்டருக்கு மாறிவிட்டது. நான்கு சிலிண்டர் கார் வைத்திருக்கும் நண்பர் “எனக்கு ஒண்ணும் தெரியலையே” என்று சொன்னால், அந்தச் சாட்சியம் உங்கள் காருக்குச் செல்லாது.

இப்போது ‘செட்’ ஆகும் கதைக்கு வருவோம். 24 ஹெர்ட்ஸ் மறுபடி 12-க்கு இறங்க வேண்டுமானால், மாட்டிய புஷ் தன் கெட்டித்தன்மையில் முக்கால் பங்கை இழக்க வேண்டும். முக்கால் பங்கை இழந்த புஷ்ஷுக்குப் பெயர் செட் ஆன புஷ் இல்லை, செத்துப்போன புஷ். ரப்பர் வகைப் பொருட்கள் முதல் சில இழுப்புகளில் சற்றே இளகும் என்பது உண்மை. பொருள் அறிவியலில் இதை மல்லின்ஸ் விளைவு என்பார்கள். ஆனால் பத்து நிமிடம் ஐடிலிங்கில் நின்றாலே மவுண்டிங் சுமார் 16,000 தடவை அசைந்துவிடுகிறது. இளக வேண்டிய சொற்பமும் பட்டறை வாசலைத் தாண்டுமுன்பே இளகிவிட்டது. ஆயிரம் கிலோமீட்டரில் புதிதாக நடக்க எதுவும் மிச்சமில்லை.

பிறகு ஏன் சிலருக்கு நிஜமாகவே அதிர்வு குறைகிறது? மூன்று காரணங்கள். முதலாவது, பல கார்களில் இடப்பக்க மவுண்டிங் பேட்டரிக்கு அடியில் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றினால் இன்ஜினை ஆளும் கணினியான ஈசியு, தான் கற்றுவைத்திருந்த ஐடிலிங் கணக்கை மறக்கக்கூடும். சில நாள் ஓடி மீண்டும் கற்றுக்கொண்டதும் இன்ஜின் நிதானமாகிறது. இதில் புஷ்ஷுக்கு ஒரு பங்கும் இல்லை. இரண்டாவது, போல்ட்டை முறுக்கும்போது புஷ் கோணலாக முறுக்கிக்கொண்டு நின்றிருக்கும். ஓட்டத்தில் அது கொஞ்சம் நழுவி நேராகிறது. இது வேலை சரியாகச் செய்யப்படவில்லை என்பதற்கான சாட்சி, பொருள் நல்லது என்பதற்கான சாட்சி இல்லை. மூன்றாவது, உடம்பு பழகிவிடுகிறது. உங்களுக்குப் பழகிவிடும். பின்சீட்டில் இருக்கும் வயதானவருக்கும் குழந்தைக்கும் பழகாது.

மற்ற நம்பிக்கைகளை வேகமாகப் பார்த்துவிடலாம்.

நம்பிக்கை: கம்பெனி ரப்பர் மட்டம். செலவைக் குறைக்கத்தான் இளக்கமாக வைக்கிறார்கள்.

உண்மை: இளக்கமாக வைப்பது தொழில்நுட்பம். 1931-இல் கிரைஸ்லர் தன் பிளிமத் காரில் இன்ஜினைக் கணக்குப் பார்த்து ரப்பரில் மிதக்கவிட்டது. அந்த நான்கு சிலிண்டர் காரின் பெரிய விற்பனைப் பெருமையே அந்த அமைதிதான். பிரான்ஸின் சித்ரோவன் உரிமம் பெற்று அதைத் தன் கார்களில் வைத்தது. போர்ஷே 2010 மாடல் 911 ஜிடி3-க்கு, ஐடிலிங்கில் இளகி, வேகத்தில் இறுகும் மவுண்டிங்கைத் தந்தது. பந்தயத்துக்கென்றே பிறந்த காருக்கே இளக்கம் தேவைப்படுகிறது. ஆபீஸுக்கும் கல்யாணத்துக்கும் போகும் காருக்கு ஏன் வேண்டாம்?

நம்பிக்கை: கெட்டியான மவுண்டிங் போட்டால் பவர் கூடும், மைலேஜ் கூடும்.

உண்மை: இரண்டும் கூடாது. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் சாய்ந்து எழுவது குறைகிறது. அதனால் வண்டி உடனே பாய்வதுபோல் இருக்கும், கியர் மாற்றுவது துல்லியமாக இருக்கும். அந்த லாபம் மெய். அதற்கு மேல் சொல்வதெல்லாம் கற்பனை.

நம்பிக்கை: ரேஸ் கார்களில் போடுகிறார்கள், நாமும் போடலாம்.

உண்மை: இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் சிக்னல் கிடையாது. அங்கே 6,000 சுற்றில் ஓடும் நான்கு சிலிண்டர் இன்ஜினின் உந்தல் 200 ஹெர்ட்ஸ். அந்தக் கார்களுக்குள் ஏசியும் இல்லை, பின்சீட்டும் இல்லை.

நம்பிக்கை: சிவப்பு இளக்கம், கறுப்பு கெட்டி.

உண்மை: நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் சாயம். பார்க்க வேண்டியது, பொருளின் கடினத்தைச் சொல்லும் ஷோர் ஏ எண். அந்த எண்ணிலும் ஏமாறக் கூடாது. 50-லிருந்து 60-க்குப் போனால் கெட்டித்தன்மை சுமார் ஒன்றரை மடங்கு. 80-க்குப் போனால் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. 90-க்குப் போனால் எட்டு மடங்கைத் தாண்டும். ‘பத்து பாயின்ட்தானே’ என்று சொல்பவருக்கு இந்த ஏணியின் படிகள் சமமில்லை என்று தெரியவில்லை.

நம்பிக்கை: பழைய மவுண்டிங்கின் ஓட்டைகளில் கண்ணாடி ஒட்டும் பசையை அடைத்தால் போதும்.

உண்மை: அந்த ஓட்டை வேண்டுமென்றே விட்ட இடைவெளி. சின்ன நடுக்கத்துக்கு வழிவிட்டு, பெரிய அசைவில் மட்டும் முட்டி நிறுத்துவதற்காக வைத்தது. உள்ளே திரவம் நிறைத்த ஹைட்ராலிக் மவுண்டிங்கில் இந்த வேலையைச் செய்பவர் ஒரு நல்ல பாகத்தைப் பாழாக்குகிறார்.

நம்பிக்கை: பாலியூரிதேன் ஆயுளுக்கும் உழைக்கும்.

உண்மை: எண்ணெயை இயற்கை ரப்பரைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் பாலியூரிதேனில் இரண்டு வகை உண்டு. பாலியெஸ்டர் வகை சூட்டிலும் ஈரத்திலும் சிதையும், பாலியீதர் வகை ஈரத்தை நன்றாகத் தாங்கும். கடலோர ஊரில் இருப்பவர் எந்த வகை என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

சரி, நியாயமாகவே மேம்படுத்த விரும்புகிறவர் என்ன செய்யலாம்? வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

முதலில், உதறலுக்கு மவுண்டிங்தான் காரணமா என்று பாருங்கள். பழுதான ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், அழுக்கடைந்த த்ராட்டில் பாடி எல்லாம் அதே உதறலைத் தரும். பானெட்டைத் திறந்துவைத்து, பிரேக்கை அழுத்தியபடி ஒருவர் கிளட்சை மெல்ல விடட்டும். இன்ஜின் தூக்கிப் போட்டால் மவுண்டிங் போய்விட்டது. இதைப் பார்ப்பவர் காருக்கு எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். மவுண்டிங் மேல் ஆயில் கசிகிறதென்றால் கசிவை முதலில் அடையுங்கள். ஆயிலில் ஊறிய ரப்பர் உப்பி இளகிவிடும், புதிதாகப் போட்டாலும் அதே கதிதான்.

அடுத்து, தேய்ந்த மவுண்டிங்குகளை அசல் மவுண்டிங்குகளாலேயே மாற்றி ஓட்டிப் பாருங்கள். ‘கம்பெனி மவுண்டிங் தொளதொளவென்று இருக்கிறது’ என்று புகார் சொல்கிறவர்களில் பலர் புதிய புஷ்ஷை ஒப்பிடுவது செத்துப்போன பழைய ரப்பரோடு.

அதற்குப் பிறகும் இறுக்கம் வேண்டுமென்றால், கீழே இருக்கும் டார்க் ராட் புஷ்ஷை மட்டும் தொடுங்கள். இன்ஜினைக் குறுக்காக வைத்து முன்சக்கரங்களை ஓட்டும் இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் எடையை இரண்டு பக்க மவுண்டிங்குகள் தாங்குகின்றன. முறுக்கை எதிர்ப்பதில் பெரும் பங்கு அந்த ராடுக்கு. முதல் கியரில் அந்த முறுக்கு எவ்வளவு தெரியுமா? 110 நியூட்டன் மீட்டர் தரும் சின்ன இன்ஜினுக்கும், மொத்தக் கியர் விகிதம் 14 என்றால், 1,540 நியூட்டன் மீட்டர். இன்ஜின் சாய்வதை நிறுத்த வேண்டிய இடம் இது. இங்கேயும் 60 முதல் 65 ஷோரில் நில்லுங்கள். மூன்று சிலிண்டர் கார் என்றால் அதற்கு மேல் போகவே வேண்டாம். எடை தாங்கும் மவுண்டிங்குகளில் கை வைக்காதீர்கள்.

மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அளந்துகொள்ளுங்கள். உங்கள் செல்போனிலேயே அசைவை அளக்கும் உணரி இருக்கிறது, அதைக் காட்டும் ஆப்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்ஜின் சூடானதும் போனை டிரைவர் சீட்டின் தண்டவாளத்தில் இறுக வைத்து, ஏசி போட்டும் நிறுத்தியும் அளவெடுங்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டிய அவசியம் அத்தோடு தீர்ந்தது.

மாட்டும் முறையும் முக்கியம். எல்லா போல்ட்டுகளையும் விரலால் திருகும் அளவுக்கு மட்டும் போட்டு, ஜாக்கியை இறக்கி, இன்ஜினின் எடை மவுண்டிங்கில் உட்கார்ந்த பிறகு, இன்ஜினை லேசாக ஆட்டி நடுவுக்குக் கொண்டுவந்து, கடைசியில் முறுக்க வேண்டும். கார் கம்பெனியின் கையேடு சொல்லும் வரிசையில், அது சொல்லும் அளவுக்கு.

அந்த அளவுக்கு முறுக்க டார்க் ரெஞ்ச் வேண்டும். இதைச் சொன்னால் “கை அளவு தெரியும் சார்” என்கிறார்கள். தெரியாது. யாருடைய கைக்கும் தெரியாது. மவுண்டிங் போல்ட் மட்டுமா? அலுமினியம் ஹெட்டில் ஸ்பார்க் பிளக் மரை போவதும், ஆயில் டிரெயின் போல்ட்டை இறுக்கிச் சம்ப்பின் மரையை அறுப்பதும், பஞ்சர் கடையில் அளவு பாராமல் முறுக்கிய வீல் நட்டை நடுராத்திரியில் நெடுஞ்சாலையில் கழற்ற முடியாமல் குடும்பத்தோடு நிற்பதும் இந்தக் ‘கை அளவு’ செய்யும் வேலைதான். ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படிக்கும் பிள்ளைகள் ஸ்பானர் பிடிக்கும் முதல் நாளிலேயே டார்க் ரெஞ்சையும் பிடிக்க வேண்டும். பட்டறை வைத்திருப்பவர்கள் ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டுங்கள். கார் வைத்திருப்பவர்கள் அது இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வண்டியை விடுங்கள். இல்லாத பட்டறையில் மவுண்டிங் வேலை கொடுக்காதீர்கள்.

நிறைய பேருக்கு மேம்பாடே தேவைப்படாது. அசல் ரப்பர், கசிவில்லாத இன்ஜின், சரியான அளவுக்கு முறுக்கிய போல்ட் மூன்றும் இருந்தால் அன்றாடம் ஓடும் காருக்கு அதுவே போதும்.