கேஸ் அடிப்பதற்கு முன்

சித்திரை வெயில் ஏறிவிட்டால் கார் ஏசி கடைகளில் ஒரே பேச்சுதான்: "கேஸ் கம்மியா இருக்கு சார், அடிச்சு விட்டுரலாம்." பதினைந்து வயதான வண்டி என்றால் உரிமையாளரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. அடித்ததும் ஜில்லென்று காற்று வருகிறது. இரண்டு மாதம் போனால் பழைய குருடி கதவைத் திறடி.

ஏசி கேஸ், பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் அல்ல. மூடிய குழாய்களுக்குள் திரும்பத் திரும்பச் சுற்றி வருவது அது. பழைய வண்டிகளில் ரப்பர் ஹோஸ், ஓ-ரிங், கம்ப்ரஸர் சீல் வழியாகச் சில ஆண்டுகளில் கொஞ்சம் குறைவது இயல்பு. ஒரே கோடையில் காலியாகிறது என்றால் எங்கோ லீக் இருக்கிறது. அதைவிட முக்கியமான விஷயம், ஏசி குளிராமல் போவதற்குக் கேஸ் குறைவைத் தவிர வேறு காரணங்கள் ஏராளம். அவற்றில் பலவற்றைக் காசு செலவில்லாமல் வீட்டு வாசலிலேயே கண்டுபிடிக்கலாம்.

எப்போது குளிரவில்லை என்பதைக் கவனிப்பதுதான் முதல் வேலை. ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் சூடாகிறதா? கண்டென்சர் ஃபேன் சுற்றவில்லை, அல்லது கண்டென்சரில் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கின்றன. நன்றாகக் குளிர்ந்துவிட்டு, அரை மணி நேரத்தில் காற்றின் வேகமே குறைகிறதா? கூலிங் காயிலில் பனி கட்டியிருக்கிறது. தெர்மோஸ்டாட்டைப் பார்க்க வேண்டும். காற்று முழு வேகத்தில் வந்தும் விட்டுவிட்டுச் சூடாகிறது என்றால், குழாய்க்குள் இருக்கும் ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைப்பதாக இருக்கலாம். ஹீட்டர் வால்வ் உள்ள பழைய மாடல்களில் அது முழுதாக மூடாமல், எஞ்சினின் சூட்டுத் தண்ணீர் ஹீட்டருக்குள் போய்க் குளிரைக் கெடுப்பதும் உண்டு.

அடுத்து பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட வேண்டும். கைகளும் துணியும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டு, கம்ப்ரஸர் புல்லியின் முன்னால் உள்ள கிளட்ச் தகடு புல்லியோடு சேர்ந்து சுற்ற வேண்டும். சில நொடிக்கொரு முறை ஒட்டுவதும் விடுவதுமாக இருந்தால் பெரும்பாலும் கேஸ் குறைவு. ஒட்டவே இல்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, பிரஷர் ஸ்விட்ச் என்று வரிசையாகப் பார்க்கலாம்.

எங்கள் வீட்டு 2004 மாடல் சான்ட்ரோவில் பிரச்சினை இந்த இடத்தில்தான் பிடிபட்டது. காலையில் பிரமாதமாகக் குளிரும். மதியம் ஒரு மணி நேரம் ஓடினால் வெறும் காற்றுதான். பார்த்த கடைகளில் எல்லாம் கேஸ் என்றார்கள். எலெக்ட்ரிகல் வேலை தெரிந்த ஒரு பெரியவர் மட்டும், குளிர் நின்ற அந்த நேரத்திலேயே வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். புல்லி சுற்றிக்கொண்டிருந்தது, தகடு அசையாமல் நின்றது. கிளட்ச் ஒயரில் 12 வோல்ட் வந்தது. எஞ்சினை அணைத்து, தகட்டுக்கும் புல்லிக்கும் நடுவே ஃபீலர் கேஜைச் செருகிப் பார்த்தார். அரை மில்லிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டிய இடைவெளி, தேய்ந்து தேய்ந்து ஒரு மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது. கிளட்சின் மின்காந்தக் காயில் சூடேறினால் காந்த இழுப்பு குறையும். அவ்வளவு தூரத்திலிருந்து தகட்டை இழுக்க அதனால் முடியாது. நடு போல்ட்டைக் கழற்றி, உள்ளே இருந்த மெல்லிய ஷிம் ஒன்றை எடுத்துவிட்டுப் பூட்டினார். கேஸைத் தொடவே இல்லை. மதிய வெயிலிலும் கிளட்ச் ஒட்டியது.

இதிலெல்லாம் பிடிபடாவிட்டால்தான், லோ, ஹை என்று இரண்டு பக்க அழுத்தத்தையும் காட்டும் பிரஷர் கேஜை மாட்ட வேண்டும். ஆர்-134ஏ கேஸ் உள்ள வண்டியில், எஞ்சின் ஓடாதபோது 30 டிகிரி வெப்பத்தில் இரண்டு முள்ளும் 100 பிஎஸ்ஐ அருகே நிற்கும். இதை வைத்துக் கேஸ் நிறைய இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. உள்ளே சிறிதளவு திரவம் மிச்சமிருந்தாலே அதே அழுத்தம்தான் காட்டும். ஓடும்போது, 35 டிகிரி வெயிலில், லோ பக்கம் 30 முதல் 45, ஹை பக்கம் 200 முதல் 250 என்பது தோராயமான அளவு. இரண்டும் குறைவு என்றால் கேஸ் குறைவு. இரண்டும் அதிகம் என்றால் கண்டென்சரில் காற்றோட்டம் இல்லை, அல்லது கேஸை அளவுக்கு மீறி அடித்திருக்கிறார்கள். லோ அதிகம், ஹை குறைவு என்றால் கம்ப்ரஸர் தேய்ந்துவிட்டது. லோ முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் அடைப்பு.

லீக் இருக்கும் இடத்தைப் பெரும்பாலும் கண்ணே காட்டிக்கொடுக்கும். கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் கசிவதால், அந்த இணைப்பில் தூசி ஒட்டிக் கறுத்துப் பிசுபிசுப்பாக இருக்கும். சோப்பு நுரை தடவினால் குமிழ் வரும். மிகச் சிறிய லீக்குக்கு நைட்ரஜன் ஏற்றி, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பது நல்ல முறை.

லீக்கை அடைத்த பிறகு, ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரை மாற்றி, குறைந்தது அரை மணி நேரம் வாக்கம் போட வேண்டும். பம்பை நிறுத்திய பின்னும் முள் அப்படியே நிற்க வேண்டும். எவ்வளவு கேஸ் என்பது பல வண்டிகளில் பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் கிராம் கணக்கில் இருக்கும். எடை போட்டு ஏற்றுவதுதான் சரி. ஓசோன் படலத்தைக் கெடுத்த ஆர்-12 கேஸ், 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தால் புழக்கத்திலிருந்து நீக்கப்பட்டது. 1990-களின் வண்டிகள் சிலவற்றில் அதற்கான அமைப்பே இருக்கும். அவற்றில் ஆயில், ஓ-ரிங், ட்ரையர் மாற்றாமல் ஆர்-134ஏ ஏற்ற விடாதீர்கள். செலவு குறையும் என்று சமையல் சிலிண்டர் கேஸை ஏற்ற யாராவது முன்வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அது தீப்பற்றக்கூடியது, கூலிங் காயில் கசிந்தால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குள்தான் வரும்.

வேலை முடிந்ததும் லீக் இருந்த இடம், மாற்றிய பாகம், ஏற்றிய கேஸின் எடை, இரண்டு முள்ளும் காட்டிய அளவு ஆகியவற்றைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வேறு ஊரில், வேறு கடையில் வண்டியை விட நேர்ந்தாலும் அந்த மெக்கானிக்கின் பாதி வேலை மிச்சம்.