எடைக் குறைப்பு அறுவையும் காப்பீட்டு அனுமதியும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஸ்தூல சரீரத்தைப் பற்றி நம்மிடையே வழங்கும் அபிப்பிராயங்களில் மிகவும் கொடியது, அது வாயைக் கட்டத் தெரியாதவர்கள் தாமே தேடிக்கொண்ட வினை என்பதாகும். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு மனம் குன்றியவர்கள், எடைக் குறைப்பு அறுவைக்குக் காப்பீட்டுப் பணம் கேட்பதற்குக்கூடக் கூசிச் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

"அழகுக்காகச் செய்துகொள்வதற்குக் கம்பெனி பணம் தராது" என்பது முதல் நம்பிக்கை. கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷனைப் பற்றி அப்படிச் சொன்னால் பொருந்தும். இரைப்பையைச் சுருக்குவதும் குடலை மாற்றி இணைப்பதும் நோய்க்குச் செய்யும் சிகிச்சையே. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019 செப்டம்பரில் வகுத்த பொது வாசகத்தின்படி, அறுவை டாக்டரின் ஆலோசனையின் பேரில் நடக்க வேண்டும். மருத்துவ நெறிமுறைக்கு உட்பட்டிருக்க வேண்டும். நோயாளிக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். உடல் நிறை குறியெண் (பி.எம்.ஐ.) 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். குறியெண் 40-க்குக் கீழே, ஆனால் 35-க்குக் குறையாமல் இருப்பவருக்கு, பருமனால் வந்த இதயத் தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான உறக்க மூச்சுத்தடை, கட்டுக்கடங்காத இரண்டாம் வகை நீரிழிவு ஆகிய நான்கில் ஒன்றாவது இருந்து, அறுவையில்லாத முறைகளும் பலிக்காமல் போயிருக்க வேண்டும்.

"மூட்டுவலியும் ரத்தக்கொதிப்பும் இருக்கின்றனவே, போதாதா?" என்று கேட்பவர்கள் அநேகர். அந்த நான்கில் இவ்விரண்டும் இல்லை. மருத்துவரின் சிபாரிசு ஒன்று, காப்பீட்டின் விதி வேறொன்று. 40, 35 என்னும் எல்லைகள் அமெரிக்காவில் 1991-இல் வகுக்கப்பட்டவை. 2022-இல் சர்வதேச அறுவை நிபுணர் சங்கங்கள் அவற்றைத் தளர்த்தி, ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே சிகிச்சையை யோசிக்கலாம் என்று அறிவித்துவிட்டன. குறைந்த எடையிலேயே நீரிழிவுக்கு ஆளாகும் நம் மக்களுக்குப் பழைய அளவுகோலையே பிடித்திருப்பது நியாயமன்று என்பது என் திடமான அபிப்பிராயம்.

"எடை போட்டுக் காட்டினால் தீர்ந்தது" என்பது மற்றொன்று. எங்கள் உறவுக்காரப் பெண்மணி ஒருவருக்கு எடை 85 கிலோ. பல வருஷமாக அடங்காத சர்க்கரை. மருத்துவமனையில் செருப்போடும் உச்சிக் கொண்டையோடும் நின்றபடி எடுத்த உயரம் 158 சென்டிமீட்டர் என்று பதிவாகி, கணக்கு 34-இல் நின்றுவிட, விண்ணப்பம் திரும்பி வந்தது. இரண்டாம் முறை அளந்த நர்ஸ், "அக்கா, செருப்பைக் கழற்றிட்டு, கொண்டையையும் அவிழ்த்துட்டு நில்லுங்க" என்றாள். உயரம் 155, குறியெண் 35.4. மீட்டரில் உள்ள உயரத்தை அதனாலேயே பெருக்கி, வரும் தொகையால் எடையை வகுக்கும் கணக்காதலால், மூன்று சென்டிமீட்டர் ஒருவருடைய சிகிச்சையையே தடுத்துவிட முடிகிறது.

"ஆறு மாதம் டயட் இருந்தே ஆகவேண்டும்" என்பார்கள். அந்தப் பொது வாசகத்தில் மாதக் கணக்கே இல்லை; ஆனால், முயன்றும் எடை குறையவில்லை என்பதற்குச் சாட்சி வேண்டும். உணவு ஆலோசகர் எழுதித் தந்த சீட்டு, தேதியிட்ட எடைப் பதிவுகள், மருந்துச் சீட்டுகள், மூன்று மாதச் சராசரி சர்க்கரைப் பரிசோதனை, உறக்கப் பரிசோதனையின் அறிக்கை ஆகியவையே அந்தச் சாட்சி. வாயால் சொல்லும் கஷ்டம் எவ்வளவு உண்மையாயினும் கோப்பில் ஏறுவதில்லை.

எல்லையைத் தொடுவதற்காக வேண்டுமென்றே தின்று எடையை ஏற்றிக்கொள்வோரும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சர்க்கரை ஏறும், மயக்க மருந்தின் அபாயமும் கூடும்.

பாலிசி எடுத்த மறுமாதமே அனுமதி கிடைத்துவிடும் என்று எண்ணுவதும் தவறே. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 36 மாதம் வரை காத்திருப்புக் காலம் விதிக்கக் கம்பெனிக்கு உரிமை உண்டு.

"மறுத்துவிட்டால் முடிந்தது" என்பதே கடைசி நம்பிக்கை. பலர் மனமொடிந்து விலகுவதும் இதனாலேயே. மறுப்புக்குரிய காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலில் கம்பெனிக்கே புகார் எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி அளிக்காவிட்டாலும், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி நகருக்கும் காரைக்காலுக்கும் உரிய அலுவலகம் சென்னையில் இருக்கிறது. அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை.