பழைய சிடி ப்ளேயர் வாங்கப் போகும் ஆயர் ஈத்தாம் வாசகருக்கு

அன்புத் தம்பி,

உங்கள் கடிதம் கிடைத்தது. அப்பா விட்டுச்சென்ற சிடிகளைக் கேட்க நல்ல ப்ளேயர் ஒன்று வேண்டும், ஜார்ஜ்டவுனில் ஒருவர் பழைய மராண்ட்ஸ் சிடி 94ஐ விலைக்குத் தருகிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம். ஆனால் அந்தப் பெட்டியில் எதற்கு விலை கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்குங்கள். விற்கிறவர் உள்ளே எண்களை ஒலியாக்கும் சிப்பைப் பற்றித்தான் பேசுவார். ப்ளேயரின் ஆயுள் இருப்பதோ, தட்டைப் படிக்கும் லேசரில்.

முதலில் அந்தச் சிப்பின் கதை. 1982 அக்டோபர் 1ஆம் தேதி சோனி தன் சிடிபி 101 ப்ளேயரை ஜப்பானில் விற்பனைக்கு விட்டது. விலை 168,000 யென். சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த சிடி தரப்படி நொடிக்கு ஒலியின் 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். பிலிப்ஸின் கையில் அப்போது இருந்ததோ 14 பிட் சிப். மாதிரிகளின் வேகத்தை நான்கு மடங்காக்கி, பிழையைக் காதுக்கு எட்டாத அதிர்வெண்களுக்குத் தள்ளி, அதே சிப்பில் 16 பிட்டுக்கு நிகரான துல்லியத்தை எட்டிவிட்டார்கள். அந்தப் பொறியாளர்கள் மீது எனக்குள்ள மரியாதை இன்றும் குறையவில்லை. பின்னால் வந்ததுதான் சிடி 94இல் உள்ள, எல்லோரும் கொண்டாடும் டிடிஏ 1541ஏ. அதில் சோதித்துப் பொறுக்கியவற்றின் முதுகில் கிரீடம் அச்சிட்டார்கள். இன்று அந்தக் கிரீடத்துக்காகவே விலை ஏறுகிறது, போலிக் கிரீடங்களும் சந்தையில் உலவுகின்றன. கிரீடம் இல்லாத 1541ஏவும் அருமையான சிப்தான். அதற்கென்று கூடுதலாக ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

சிடி 94இல் நான் மதிப்பது சிடிஎம் 1 என்ற படிக்கும் பொறியை. வார்ப்பு உலோகத்தில் செய்தது. லென்ஸ் கண்ணாடி. இசைத்தட்டு ஊசியின் கைபோல ஒரு சிறு கை வளைவாக அசைந்து தட்டைப் படிக்கிறது. பின்னாளில் வந்த மலிவான ப்ளேயர்களில் பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் லேசரை இழுத்துச் செல்லும். இந்தக் கைக்குப் பற்சக்கரமே கிடையாது, தேய்வதற்கும் அதிகம் இல்லை. 1.6 மைக்ரான் இடைவெளியில் சுற்றும் தடத்தை இத்தனை ஆண்டுகளாகப் பின்தொடர்ந்து வருகிறது.

ஆனால் லேசருக்கு வயதாகும், அதே பாகம் இப்போது தயாரிப்பில் இல்லை. அதனால் கடையிலேயே சோதியுங்கள். எழுபது நிமிடத்துக்கு மேல் ஓடும் தட்டு ஒன்றை எடுத்துப் போங்கள். சிடி உள்விளிம்பிலிருந்து வெளியே படிக்கப்படுவது, ஆகவே கடைசிப் பாட்டுக்குத் தாவிக் கேளுங்கள். பெட்டி குளிர்ந்திருக்கும்போது ஒருமுறை, ஒரு மணி நேரம் ஓடிச் சூடான பிறகு ஒருமுறை. தட்டைப் போட்டதும் பாட்டு எண்ணிக்கை காட்டத் திணறினால் விலகிவிடுங்கள். வீட்டில் பதிந்த சிடி மட்டும் ஓடவில்லை என்றால் அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம், அவை ஒளியைக் குறைவாகவே திருப்பும். லேசரின் மின்னோட்டத்தைத் திருகிக் கூட்டிவிட்டு, சோர்ந்த லேசரைச் சில மாதம் ஓட வைத்து விற்பதும் உண்டு. ‘யாராவது திருகியிருக்கிறார்களா’ என்று நேராகவே கேளுங்கள். மூடியைத் திறந்து பார்க்க நேர்ந்தால் லென்ஸுக்குள் உற்றுப் பார்க்காதீர்கள், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.

மற்ற நோய்களுக்கு மருந்து உண்டு. கொடிமலை அடிவாரத்து ஈரம் உங்களுக்குத் தெரியும். தட்டு வைக்கும் இழுப்பறையின் ரப்பர் பெல்ட் தாராக உருகியிருக்கலாம், கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கலாம், மசகு இறுகியிருக்கலாம். இவையெல்லாம் மலிவு. தேவை ஒரு தேர்ந்த கை, அந்த விஷயத்தில் பினாங்குக்காரர்களுக்குக் குறையில்லை. 1972இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை தொடங்கியபோது முதலில் வந்த எட்டு நிறுவனங்களில் கார் ஆடியோ செய்த கிளாரியனும் ஒன்று. அங்கெல்லாம் சால்டரிங் பிடித்து ஓய்வு பெற்றவர்கள் உங்கள் பண்டார் பாரு அடுக்குமாடிகளில் இருப்பார்கள். ப்ளேயரைத் தேடும் முன் அப்படி ஒருவரைத் தேடுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஜப்பானிலிருந்து வந்த பெட்டியா என்று பின்தகட்டையும் பாருங்கள். 100 வோல்ட் என்றிருந்தால் நம் வீட்டு மின்சாரத்தில் நேராகச் செருகக் கூடாது. மின்மாற்றியின் விலையைப் பேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் தட்டுகளில் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ இருப்பதாக எழுதியிருந்தீர்கள். 1986இல் வந்தது, தியாகராஜருக்கும் ஜே. எஸ். பாஹுக்கும் காணிக்கையாக்கியது. புது ப்ளேயரில் முதலில் அதையே போடுங்கள். வி. எஸ். நரசிம்மனின் வயலின் தனியே எழும்பும் இடங்களில் வில் நரம்பைத் தொடுவது கேட்கவேண்டும். அது கேட்கும் பெட்டி எந்த விலையில் கிடைத்தாலும் நல்ல பெட்டிதான்.

பழைய ப்ளேயரை வாங்க இன்னொரு காரணமும் உண்டு. ஆரம்ப காலச் சிடிகள் சிலவற்றில் உச்ச ஒலிகளைத் தூக்கிப் பதிந்திருப்பார்கள். பழைய ப்ளேயர் தட்டில் அதற்கென உள்ள குறிப்பைப் படித்துத் தானே சமன் செய்துவிடும். கணினியில் நகலெடுக்கும் மென்பொருள் பல அதைச் செய்வதில்லை, பாட்டு கீச்சிடும். ஆகவே நகலெடுத்துக்கொண்டு தட்டுகளை விற்றுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எண்பதுகளில் அச்சான தட்டுகளின் பட்டியலை எனக்கு அனுப்புங்கள், எவற்றை முதலில் பத்திரப்படுத்த வேண்டும் என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்